எரிவு அடங்கிய கால்

இரவு பதினொரு மணியானால் அம்மா பாயை விட்டு எழும்பிவிடுவார். விறாந்தைச் சீமெந்து அந்த நேரம் குளிர்ந்து கிடக்கும். இரண்டு உள்ளங்கால்களையும் அதில் அழுத்தி வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சூடேறிவிட்டதென்று ஒரு சாண் நகர்வார். விடியும்போது பார்த்தால் விறாந்தையின் மற்றத் தொங்கலில் இருப்பார். போர்வை நுனி காலில் பட்டாலும் தாங்காது. "செத்தல் மிளகாய்த்தூளை அள்ளிப் பூசிவிட்டமாதிரிக் கிடக்கு பிள்ளை" என்பார். சில நாள் எறும்பு ஊரும், சில நாள் பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கும்.

அது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. தந்த காசு விறாந்தை மட்டத்தோடு முடிந்துபோக, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் சீமெந்து போட்டோம். "அந்தச் சங்கிலி இப்பதான் உழைக்குது" என்று மாமா சிரிப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வளவிலேயே இருக்கிறார். 2009 இன் தொடக்கத்தில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஷெல் பட்டு அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆனால் போன காலின் பெருவிரல் இன்னும் நோகிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அந்த விரலை யாரோ நெரிப்பதுபோல இருக்குமாம். முள்ளியவளையில் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் இரவில் இரண்டு பேர் விழித்திருப்பார்கள். ஒருவருக்கு இருக்கிற கால் எரியும், மற்றவருக்கு இல்லாத கால்.

"எனக்குச் செருப்புச் செலவு பாதி அக்கா. அதிலை நான்தான் முன்னுக்கு."

வன்னியில் கால் போனவர் என்றால் எவரும் முதலில் நினைப்பது மிதிவெடியையும் ஷெல்லையும்தான். சலரோகம் என்கிற நீரிழிவாலும் கால் போகும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினாலு வருடமாகியும் அப்படித்தான்.

பாதத்துக்குப் போகும் நரம்பு உடம்பிலேயே மிக நீளமான இழை. முதுகின் அடியிலிருந்து பெருவிரல் நுனிவரை ஒரு மீற்றர் அளவுக்கு ஓடுகிறது. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது யாருடைய காணி என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடைக்கோடியில் இருப்பவன் வயல்தான். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நின்றால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு ஊட்டம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. கடைக்கோடி விரல்நுனிதான் முதலில் அடி வாங்குகிறது. அதனால்தான் இரண்டு காலிலும் ஒன்றுபோலத் தொடங்கி, காலுக்கு மேசு போட்டதுபோல மேலே ஏறுகிறது. முழங்காலை எட்டுகிற நேரம் கைவிரல் நுனிகளிலும் விறைப்பு வரும். நீரிழிவுக்காரரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு என்றைக்கோ ஒருநாள் இது வருகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு.

இது எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அப்போது அம்மாவை நான் முதலில் கூட்டிக்கொண்டு போனது ஒட்டுசுட்டான் பக்கம் இருந்த ஒரு பரியாரியாரிடம்.

அவரைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு, எந்தக் கிளினிக்கிலும் அதுவரை எவரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். "எண்ணெய் தாறன், பூசு. ஆனா ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டுப்போட்டு என்னட்டை வராதை. சீனியைக் கட்டாமல் காலுக்கு எண்ணெய் பூசுறது, கட்டு உடைஞ்ச குளத்துக்கு வாய்க்கால் துப்புரவாக்கிற வேலை."

நல்லெண்ணெயில் நொச்சியிலைச் சாறும் சில சரக்குகளும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் அது. இரவில் நான்தான் பூசிவிடுவேன். அம்மா அரை மணி நேரம் கண்ணயர்வார். எண்ணெய் வேலை செய்ததா, என் கை வேலை செய்ததா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈரானில் 60 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016 இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பேய்க்குமட்டி என்கிற காயின் எண்ணெயைப் பாதிப்பேருக்கும், மருந்தில்லாத எண்ணெயை மற்றப் பாதிப்பேருக்கும் கொடுத்துக் காலில் பூசச் சொன்னார்கள். குமட்டி எண்ணெய் பூசியவர்களுக்கு நோ கூடுதலாகக் குறைந்தது. வெறும் எண்ணெய் பூசியவர்களுக்கும் நன்றாகவே குறைந்தது. நரம்பு நோவின் குணமே அப்படி, கவனிக்க ஒருவர் இருந்தாலே அது கொஞ்சம் தணியும். 60 பேரை வைத்து ஊருக்கே மருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் எண்ணெய் பூசுவதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன்.

சாப்பாட்டு மூலிகைகளில் எங்கள் வீடு சளைத்ததில்லை. குறிஞ்சா இலை வறை கிழமையில் இரண்டு நாள். சின்ன வயதில் நாங்கள் பச்சைக் குறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டு விளையாடுவோம், சீனி மணல்மாதிரி இருக்கும். இனிப்பை உணரும் நாக்கின் மொட்டுகளை அந்த இலையில் உள்ள பொருள் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. ஆவாரம்பூத் தண்ணீர் காலையில். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை அம்மா ஒவ்வொரு கிளினிக் நாளிலும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கொத்தல ஹிம்புட்டு என்கிற மூலிகைக் கொடியின் கட்டையில் கடைந்த கோப்பை ஒன்று தெற்கிலிருந்து வந்தது. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது. மாச்சத்தைக் குடல் சீனியாக உடைப்பதை இந்தச் செடியின் பொருட்கள் மந்தப்படுத்துகின்றன என்று யப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆக, இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாம் சீனியோடு சம்பந்தப்பட்டவை, அதுவும் கொஞ்சம்தான் இறக்கக்கூடியவை. கெட்டுப்போன நரம்பை இவை திருப்பித் தரும் என்று எவரும் காட்டவில்லை. 'சீனிக்கு நல்லது' என்பது அடுத்த வீட்டுக்குப் போகும்போது 'சீனியால் வந்த கால் எரிவுக்கு நல்லது' என்றாகி, மூன்றாம் வீட்டில் 'நரம்புக்கு மருந்து' ஆகிவிடுகிறது.

அப்படி மூன்றாம் வீட்டிலிருந்துதான் எங்களுக்கும் அந்தத் தூள் வந்தது. வெள்ளைப் போத்தல், உள்ளே மண்ணிறத் தூள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. தேனில் குழைத்துத் தொண்ணூறு நாள் சாப்பிட வேண்டும், இங்கிலீசு மருந்தோடு சேரக்கூடாது. விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற ஆள், நாலு எழுத்துப் படித்தவள். வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

இங்கிலீசு மருந்து சூடு என்பது அம்மாவின் பழைய வழக்கு. சீனிக்கு அவர் விழுங்கும் மெற்போமினே ஒரு மூலிகையின் வழிவந்ததுதான் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடியை நாட்டு வைத்தியத்தில் பாவித்தார்கள். அதிலிருந்த பொருள் சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதன் வகையில் நஞ்சு குறைந்த ஒன்றைத் தேடிப் போனதில் வந்தது மெற்போமின். பிரான்சில் ழான் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் 1957 இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அந்தச் செடியையே தரச் சொல்லு" என்றார்.

தூள் தொடங்கி மூன்றாம் மாதம் எரிவு நின்றது.

உண்மையாகவே நின்றது. அம்மா பாயில் படுத்து விடியும்வரை தூங்கினார். போர்வை போர்த்தினார். ஊரெல்லாம் சொன்னார். இன்னும் இரண்டு போத்தல் எங்கள் கையால் வேறு வீடுகளுக்குப் போனது. மாமா மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் என்னிடம், "வெட்டினவுடனை எனக்கும் கொஞ்ச நாள் நோகேல்லை" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். கண்ணகை அம்மனுக்கு வெறுங்காலோடு நடப்பதாக அம்மாவுக்கு நேர்த்தி. கால் சுகமாகிவிட்டதே, இந்த வருடம் விட முடியாதென்று சொல்லிவிட்டார். முள்ளியவளையிலிருந்து அது நடக்கிற தூரம்தான். வெயில் தணிந்த பிறகு போய், விடியப்புறம் திரும்பினோம். அம்மா களைக்கவேயில்லை, எனக்குத்தான் கால் கொதித்தது.

காலையில் விறாந்தையில் பொட்டுப் பொட்டாக இரத்தம். கிணற்றடியிலிருந்து குசினிவரை, குசினியிலிருந்து சாமியறைவரை. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆற்றை இரத்தம் பிள்ளை இது? கோழியை நாய் பிடிச்சிட்டுதோ?"

இடது குதிக்காலுக்கு முன்னால் உடைமுள் ஒன்று அடிவரை ஏறி முறிந்திருந்தது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு கொப்புளம் உடைந்து மண் அப்பியிருந்தது. நான் முள்ளைப் பிடித்து இழுக்கும்போது அம்மா முற்றத்தைப் பார்த்தபடி பொங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர். காலைப் பார்த்துவிட்டு மேசை லாச்சியிலிருந்து ஒரு பிடியில் பொருத்திய நைலோன் இழையை எடுத்தார். அழுத்தினால் சரியாகப் பத்துக் கிராம் பாரத்தில் வளையும் இழை அது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, தொடும்போது 'ஓம்' சொல்லச் சொன்னார். பெருவிரல், நடுவிரல், பாதத்தின் பந்து, குதி. அறையில் சத்தமே இல்லை. இரண்டு காலும் முடிந்தது. அம்மா கண்ணை மூடியபடியே கேட்டார்: "எப்ப டொக்டர் தொடங்கப் போறீங்கள்?"

நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

டொக்டர் பிறகு சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு சும்மா சும்மா கத்தும், அதுதான் எரிவு. அந்தக் கத்தல் இரண்டு விதமாக அடங்கலாம். ஒன்று, நரம்பு ஆறியிருக்கலாம். மற்றது, கத்துவதற்கு அங்கே நரம்பே மிஞ்சாமல் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். எரிவு நின்றுவிட்டது, மருந்து பலித்துவிட்டது. அம்மாவின் கால் எந்த விதமாக அடங்கியது என்பதை அந்த முள் சொல்லிவிட்டது. தூள் குடித்திராவிட்டாலும் அந்த மாதங்களில் அது நடந்திருக்கும் என்றார் டொக்டர். பழி தூளுக்கும் இல்லை, புகழும் அதற்கில்லை. எந்தக் கால் எரிவு மருந்தைப் பற்றியும் 'எனக்கு நின்றுவிட்டது' என்று எவர் சொன்னாலும் இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: தொட்டால் தெரிகிறதா?

தூளுக்குச் சேர வேண்டிய பழி வேறொன்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால், பிஸ்கற் ரின் ஒன்றில் மூன்று மாதக் குளிசைகள் அப்படியே கிடந்தன. சேரக்கூடாது என்று சொன்னார்களே.

இரத்தத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பி12 விற்றமின் குறைவு. மெற்போமினை நெடுங்காலம் பாவிப்பவர்களுக்கு உணவிலுள்ள பி12 உடலில் சேர்வது குறைகிறது. பி12 குறைந்தாலும் இதே எரிவு, இதே விறைப்பு வரும். அம்மா 2009 க்குப் பிறகு மச்சம் மாமிசம் தொடுவதில்லை. முட்டையும் இல்லை, பாலும் தேத்தண்ணிக்குள் ஒரு சொட்டு. பி12 கிடைக்கும் வழிகள் எல்லாமே அடைபட்டிருந்தன. ஊசி போட்டார்கள். கால் எரிவோடு இருக்கும் எந்தச் சீனிக்காரரும் தூள் வாங்குவதற்கு முன் இந்த ஒரு இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்விக்கலாம். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் கட்டாயம் கேட்க வேண்டும்.

புண் ஆற ஆறு கிழமை எடுத்தது. அதற்காக இன்சுலின் தொடங்கினார்கள். சீனி மளமளவென்று இறங்கியது. அடுத்த மாதம், முன்பு எரியாத கெண்டைக்காலில் எரிவு பிடித்துக்கொண்டது. "ஊசியாலைதான்!" என்றார் அம்மா. ஒருவகையில் சரிதான். நீண்டகாலம் கூடி நின்ற சீனியைச் சட்டென்று இறக்கினால் சிலருக்குச் சில கிழமைகளில் கடுமையான நரம்பு நோ வருவதுண்டு. 1933 இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அனேகமாக மாதக்கணக்கில் தணிந்துவிடும். இந்த இடத்தில்தான் ஆட்கள் இன்சுலினைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி போத்தல் தூளுக்குப் போகிறார்கள். டொக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் தப்பினோம். இரவுக்கு ஒரு சின்னக் குளிசை கொடுத்தார். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ரை குளிசையெல்லோ?" என்றார். அமிற்றிப்ரிலின். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து, குறைந்த அளவில் நரம்பு நோவைத் தணிக்கிறது. இருக்கிற காலுக்கும் இல்லாத காலுக்கும் ஒரே குளிசை.

மூலிகை என்று தொடங்கிவிட்டு மிளகாயைச் சொல்லாமல் விட முடியாது. அம்மா செத்தல்தூள் என்று சொன்னது வெறும் உவமை இல்லை. சூட்டை உணரும் நரம்பு நுனியில் ஒரு வாயில் இருக்கிறது. கொதிநீர் பட்டால் திறக்கும் அதே வாயிலை மிளகாயின் காரப் பொருளும் திறக்கிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வாயிலைத் தொடர்ந்து திறந்துகொண்டேயிருந்தால் நரம்பு நுனி அலுத்துப்போய் அடங்கிவிடும். கிளிநொச்சிப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்ற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கை நெருப்பு, பிறகு பழகிவிடும் என்பார்கள். இதை வைத்துத்தான் 0.075 வீதக் களிம்பு செய்தார்கள். 8 வீத ஒட்டுத்துணி ஒன்றை நீரிழிவுக்காரரின் பாத நோவுக்கென்று அமெரிக்காவில் 2020 இல் அனுமதித்தார்கள். அதை வைத்தியசாலையில் வைத்து மருத்துவப் பணியாளர்தான் ஒட்டுவார். நரம்பு நோவுக்கு இவ்வளவு உறுதியான ஆதாரம் உள்ள மூலிகை எனக்குத் தெரிந்து வேறில்லை. அது எங்கள் குசினித் தட்டில் இருக்கிறது. மாமா அன்றைக்கே அம்மியைக் கழுவப் போனார். பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எவ்வளவு காரம் எவ்வளவு நேரம் என்று அளவில்லாமல், உணர்வு செத்த காலில், அதுவும் புண் உள்ள காலில் அரைத்துப் பூசினால் தோல் வெந்தாலும் தெரியாது.

வெந்தாலும் தெரியாது என்பது பெரிய விடயம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் நொச்சி அவித்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ரிவி பார்த்திருக்கிறார். தோல் உரிந்த பிறகுதான் கண்டார். ஒத்தடம், கொதிநீர், சூடாக்கிய எருக்கிலை எல்லாமே உணர்வுள்ள காலுக்குச் சொன்னவை. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும் என்பதை உள்ளங்காலில் இலையைக் கட்டச் சொல்லும் வீடியோக்காரர்கள் சொல்வதேயில்லை. சீனி இறங்குமென்று காமரங்காய் என்கிற நட்சத்திரப் பழத்தின் சாற்றை வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சீனியால் சிறுநீரகம் ஏற்கெனவே மெலிந்திருப்பவருக்கு அது இன்னும் கெடுதி.

தூளுக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது, போத்தலைப் புதைத்துவிட்டேன். ஆனால் 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பக்கக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஆர்சனிக் நரம்பைக் கெடுத்தால் எப்படித் தொடங்கும் தெரியுமா? உள்ளங்கால் எரியும்.

பரியாரியாரிடம் மறுபடி போனோம். தூளைப் பற்றிச் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எண்ணெயை இன்னும் பூசுகிறோம், இளஞ்சூடும் இல்லாமல், ஆறிய எண்ணெய். கிளினிக்கில் கேட்டுத்தான் பூசுகிறோம். குறிஞ்சா வறையும் நிற்கவில்லை, ருசியாக இருக்கிறதே.

புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இரவு பூசுவதற்கு முன் அம்மா கண்ணை மூடுவார். மாமா தடியை ஓரமாக வைத்துவிட்டுக் கீழே இருந்து, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் மெல்ல ஒரு விநாடி தொடுவார். அமத்தக்கூடாது, தட்டக்கூடாது. ஆறு விரலில் இரண்டு தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டதென்று கணக்கு. வீட்டில் எவரும் செய்யக்கூடிய சோதனை இது. அம்மாவுக்கு அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் செய்கிறோம். பிறகு ரோச் அடித்து விரல் இடுக்கும் குதியும் பார்ப்போம். வெளிச்சம் கண்ணுக்குள் அடிக்கிறதென்று அம்மா ஏசுவார்.

நேற்று வலது சின்னவிரலில் 'ஓம்' என்றார்.

"நான் இன்னும் தொடேல்லை அக்கா" என்றார் மாமா.